முகத்தை மறைக்கக் கூடாது என்று சட்டம் எழுதினால்: நெல்லைச் சீமையில் வைத்துப் பார்த்த நான்கு வழிகள்

பொது இடங்களில் முகத்தை மறைத்துக்கொண்டு வரக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் என்ன என்ற பேச்சு அவ்வப்போது எழும். எங்காவது முகமூடிக் கொள்ளை நடந்தால் எழும். தேர்தல் வந்தால் எழும். ஐரோப்பாவில் இன்னொரு நாடு தடை போட்டது என்று செய்தி வந்தால் எழும். ஆதரிக்கிறவர்களும் சரி, எதிர்க்கிறவர்களும் சரி, ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். ஆளும் கட்சி மனசு வைத்தால் ஒரே நாளில் நிறைவேற்றிவிடலாம், மற்றதெல்லாம் அரசியல் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டமன்றத்தில் கை தூக்க ஆள் கிடைப்பது பெரிய காரியமில்லை. அந்தச் சட்டத்தின் முதல் வரியை எழுதுவதுதான் சிரமம். அதைச் சொல்லிவிட்டு, உலகத்தில் இதற்கென்று நடப்பில் இருக்கும் நான்கு வழிகளையும் நம் ஊரில் வைத்துப் பார்க்கிறேன்.

முதல் வரியிலேயே வரும் சிக்கல்

பிரான்சு 2010-ல் எழுதிய சட்டத்தின் முதல் வரி மிகச் சுருக்கமானது. பொதுவெளியில் முகத்தை மறைப்பதற்கான உடையை எவரும் அணியக் கூடாது, அவ்வளவுதான். அதில் மதத்தின் பெயர் இல்லை. பெண் என்ற சொல்லும் இல்லை. இதை அப்படியே எடுத்து வந்து ஒரு சாதாரண நாளில் திருநெல்வேலியில் வைத்துப் பார்க்கலாம்.

வண்ணார்பேட்டைப் பக்கம் காலையில் போகிற இருசக்கர வண்டிகளில் பலருடைய முகம் தெரியாது. தலைக்கவசம் போடச் சொல்வது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. ஸ்கூட்டியில் போகும் பெண்கள் வெயிலுக்கும் தூசிக்கும் பயந்து துப்பட்டாவை முகத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கண் மட்டும்தான் வெளியே தெரியும். அவர்களில் எல்லா மதத்துப் பெண்களும் உண்டு. கல் கிரஷரில் வேலை செய்பவர் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டியிருப்பார். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களும் முகத்தைத் துணியால் சுற்றிக்கொள்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்துப் படியேறும் மணப்பெண்ணின் முகத்தில் வெண்திரை இருக்கிறது. சாட்சி குற்றவாளியை அடையாளம் காட்டும் அணிவகுப்பு இன்னும் நடக்காத வழக்கு என்றால், நீதிமன்றத்துக்கு அழைத்து வரும் ஆளின் முகத்தைக் காவல்துறையே துணி போட்டு மூடித்தான் கொண்டுவரும்.

அப்புறம் குலசேகரப்பட்டினம். முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு மாலை போட்டு, வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை பிரித்துக்கொண்டு வருகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். காளி வேடத்துக்குச் சடைமுடியும் கிரீடமும் தொங்கும் நாக்கும் உண்டு. கரடிக்கும் குரங்குக்கும் முழு முகமூடியே இருக்கும். இன்னார் மகன் என்று பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வேடம் போட்டு நாட்கணக்கில் பேருந்திலும் கடைத்தெருவிலும் நடமாடுகிறார்கள். இரும்பு ஆயுதம் கொண்டுவரக் கூடாது, சாதி அடையாளம் கூடாது என்றுதான் அங்கே கட்டுப்பாடு வருகிறது. வேடத்தைக் கலைத்துவிட்டு வா என்று எவரும் சொல்வதில்லை. ஆபத்து எதில் இருக்கிறது என்பதை அந்த ஏற்பாடு சரியாகப் பிடித்திருப்பதாக நினைக்கிறேன்.

இத்தனை பேரையும் குற்றவாளியாக்க எந்த அரசும் விரும்பாது. எனவே விலக்குகள் எழுதியாக வேண்டும். தலைக்கவசத்துக்கு விலக்கு, உடல்நலத்துக்கு விலக்கு, தொழிலுக்கு, திருவிழாவுக்கு, கலைக்கு, வெயிலுக்கு, திருமணத்துக்கு எல்லாம் விலக்கு. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போய் முடித்தபின் யார் மிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் ஏர்வாடியிலும் காயல்பட்டினத்திலும் நிகாப், அதாவது கண் மட்டும் தெரியும் முகத்திரை, அணிந்து தெருவில் நடக்கும் பெண்கள் மட்டும்தான் மிஞ்சுகிறார்கள். பொதுவாக எழுதத் தொடங்கிய சட்டம் விலக்குகள் வழியாக ஒரே கூட்டத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. விலக்கு எழுதாவிட்டால் ஊரே குற்றவாளி. எழுதினால் சமத்துவம், பாகுபாடின்மை, மதச் சுதந்திரம் பற்றிய அரசியலமைப்பின் 14, 15, 25 ஆகிய மூன்று பிரிவுகளோடும் மோதல். இந்த விஷயத்தின் முடிச்சு இதுதான். வரைவு எழுதுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது அவிழ்வதில்லை.

இதிலேயே இன்னும் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. மேலப்பாளையத்தின் வயதான பெண்கள் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போட்டிருப்பார்கள். எதிரே அந்நிய ஆண் வந்தால் அதன் ஓரத்தை முகத்துக்கு இழுத்துக்கொள்வார்கள், போனதும் விட்டுவிடுவார்கள். அந்த ஒரு நொடி மறைப்பு குற்றமா? கிராமத்தில் முந்தானையை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு பேசும் பாட்டியை என்ன செய்வது? காயல்பட்டினத்தில் பெண்கள் போய்வரவென்றே வீடுகளை ஒட்டி ஒடுங்கிய சந்துகள் இருக்கின்றன. அவை பொது இடமா, இல்லையா? தெளிவில்லாத குற்றச் சட்டம் நிற்காது என்பதற்கு இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே சாட்சி.

கொரோனா காலத்தையும் மறக்க முடியாது. முகக்கவசம் போடாவிட்டால் தமிழ்நாட்டில் 200 ரூபாய் அபராதம் இருந்தது, 2022 ஜனவரியில் அது 500 ஆனது. முகத்தை மூடாததற்கு அபராதம் கட்டிய அதே மக்களிடம் போய் மூடினால் அபராதம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் வழி: முழுத் தடை

பிரான்சின் சட்டம் 2011 ஏப்ரல் 11-ல் அமலுக்கு வந்தது. மீறினால் 150 யூரோ வரை அபராதம். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சிலேயே அந்நாட்டு அரசின் உயர் சட்ட ஆலோசனை மன்றம், இப்படிப்பட்ட முழுத் தடைக்கு உறுதியான சட்ட அடிப்படை இல்லை என்று சொல்லியிருந்தது. அதையும் மீறித்தான் நிறைவேற்றினார்கள். அப்போது அந்த நாட்டில் முழு முகத்திரை அணிந்த பெண்கள் சுமார் 1,900 பேர்தான் என்பது அரசுத் தரப்பின் கணக்கு.

வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2014 ஜூலை 1-ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பைத் தடைக்கு ஆதரவான தீர்ப்பாக மட்டும் இங்கே பலர் எடுத்துச் சொல்கிறார்கள். உள்ளே படித்தால் வேறு விஷயம் தெரியும். பொதுப் பாதுகாப்பு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுவான அச்சுறுத்தல் இருப்பதாகக் காட்டாமல் எல்லா இடத்திலும் எந்நேரமும் தடுப்பது அளவு மீறியது, தேவைப்படும்போது முகத்தைக் காட்டச் சொன்னால் போதும் என்றது. பெண்ணுரிமை, கண்ணியம் என்ற வாதங்களையும் ஏற்கவில்லை. தானே விரும்பி அணிகிறேன் என்று சொல்லும் பெண்ணை, அவள் உரிமைக்காகவே தடுக்கிறேன் என்று அரசு சொல்ல முடியாது என்பது அதன் பார்வை. கடைசியில் தடையைக் காப்பாற்றியது ‘சேர்ந்து வாழ்தல்’ என்ற ஒரே கருத்துதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பழகும் சமூகத்தை விரும்பும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு என்றது. 2018-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு இதே சட்டத்தைப் பார்த்து, இது மதச் சுதந்திரத்தை மீறுகிறது என்று எதிர்த்திசையில் முடிவு சொன்னது.

நம் அரசியலமைப்பில் அந்த ‘சேர்ந்து வாழ்தல்’ வாதத்துக்கு இடம் எங்கே? 25-ஆம் பிரிவின் மதச் சுதந்திரத்தை முதன்மையாகப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்ற மூன்றின் பேரில்தான் கட்டுப்படுத்தலாம். உடை என்பது கருத்து வெளிப்பாட்டின் பகுதி என்று திருநங்கைகள் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கினார்கள். அதன் பிறகு, உரிமையில் கை வைக்க வேண்டுமென்றால், நோக்கம் நியாயமானதா, இந்த வழி அந்த நோக்கத்துக்கு உதவுமா, இதைவிடக் குறைந்த பாதிப்புள்ள வழி இல்லையா என்ற கேள்விகளுக்கெல்லாம் அரசு பதில் சொல்லியாக வேண்டும். குறைந்த பாதிப்புள்ள வழி இருக்கிறது, பல நாடுகளில் நடக்கிறது. எனவே முழுத் தடை அந்த மூன்றாவது கேள்வியில் விழுந்துவிடும் என்பது என் கணிப்பு.

கர்நாடக ஹிஜாப் வழக்கை இதில் கொண்டுவந்து சேர்ப்பது பொருந்தாது. அது தலையை மூடும் துணி பற்றியது, முகம் பற்றியதல்ல. வகுப்பறைச் சீருடை பற்றியது, தெரு பற்றியதல்ல. அதிலும் 2022 அக்டோபர் 13-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கமாகத் தீர்ப்பு எழுதினார்கள்.

அமலாக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் 2017 அக்டோபரில் தடை வந்த சில நாட்களிலேயே, வியன்னாவில் ஒரு கடை விளம்பரத்துக்காகச் சுறா வேடம் போட்டு நின்றவருக்கு அபராதம் விதித்தார்கள். சுவிட்சர்லாந்து 2021-ல் 51.2 விழுக்காட்டு வாக்கில் பொது வாக்கெடுப்பை நிறைவேற்றி, 2025 தொடக்கத்தில் அமலாக்கியபோது விளம்பர வேடத்துக்குத் தனி விலக்கு எழுதிவிட்டது. வழிபாட்டிடம், குளிர், உள்ளூர் வழக்கம், கலை எல்லாம் அந்த விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் நீள நீள யார் மிஞ்சுகிறார்கள் என்ற கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது.

இரண்டாவது வழி: சில இடங்களில் மட்டும்

நெதர்லாந்து 2019 ஆகஸ்ட் 1 முதல் பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம், பொதுப் போக்குவரத்து ஆகிய இடங்களில் மட்டும் தடுத்தது. தெருவில் போகலாம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் போக்குவரத்து நிறுவனங்கள், இதற்காக வண்டியை நிறுத்தி ஆளை இறக்கிவிட எங்களால் முடியாது என்று சொல்லிவிட்டன. மருத்துவமனைகளும் நோயாளியைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றன. கனடாவின் கியூபெக் 2017-ல் அரசு சேவை பெறவும் தரவும் முகம் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அந்தப் பிரிவை அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பிறகு 2019-ல் வேறு சட்டத்தின் வழியாக அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இந்த வழியில் எனக்கிருக்கும் கவலை தனிப்பட்டது என்றே சொல்கிறேன். தடுக்கப்படும் இடங்களைப் பாருங்கள். பஸ், ஆஸ்பத்திரி, அலுவலகம், பள்ளி. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வருவதே இவற்றுக்காகத்தான். இலையும் தூளும் வாங்கப் போவாள், சுற்றியதைக் கொண்டுபோய்க் கொடுப்பாள், பிள்ளையைப் பள்ளியில் விடுவாள், ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவாள். சும்மா தெருவில் நடக்க அனுமதித்துவிட்டு, போக வேண்டிய இடத்தின் வாசலில் தடுத்தால் அவள் நடப்பதும் நின்றுவிடும். பிரசவத்துக்கு வந்தவளிடம் முகத்தைத் திற, இல்லையென்றால் போ என்று ஒரு காவலாளி சொல்லும் நிலையை என்னால் ஏற்கவே முடியாது.

ஒரு நிறுவனம் தன் உறுப்பினர்களுக்குத் தானே விதி வகுப்பது வேறு. கேரளத்தில் முஸ்லிம் கல்விச் சங்கம் 2019 ஏப்ரலில் தன் கல்லூரிகளில் முகத்திரை கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. சமூகத்துக்குள் வாதம் நடந்தது, நடக்கட்டும். அதில் போலீஸ் இல்லை, அபராத ரசீது இல்லை.

மூன்றாவது வழி: நோக்கத்தைத் தண்டிப்பது

முகத்தை மறைத்தது குற்றமில்லை, குற்றம் செய்யும் எண்ணத்தோடு மறைத்ததுதான் குற்றம் என்று எழுதலாம். மகாராஷ்டிராவில் 1951-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 122-ஆம் பிரிவு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை, குற்ற நோக்கத்தோடு முகத்தை மூடியோ மாறுவேடத்திலோ திரிபவரைப் பிடிக்கலாம். இங்கிலாந்தில் வன்முறை நடக்கலாம் என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் மட்டும், குறிப்பிட்ட நேரத்துக்கு, முகமூடியைக் கழற்றச் சொல்லும் அதிகாரம் காவலருக்கு உண்டு.

முகம் தெரியாமல் வெட்டிவிட்டு பைக்கில் தப்பும் கொலைகளால் அடிபட்ட மாவட்டம் இது. அந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அதற்குப் பொருந்தும் வழி இதுதான். வெட்ட வருகிறவன் பெரும்பாலும் தலைக்கவசத்தோடு வருகிறான், அவனை நிகாப் தடை ஒன்றும் செய்யாது. இந்த வழியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. போராட்டக் கூட்டத்தில் நிற்கிறவனைப் பயமுறுத்தவும் இதையே நீட்டிவிடலாம். ஹாங்காங்கில் 2019 அக்டோபரில் போராட்டக்காரர்களைக் குறிவைத்து முகமூடித் தடை வந்தது. சில மாதங்களில் கொரோனா வந்து, அதே ஊரில் முகக்கவசம் கட்டாயமானது. தடையும் புத்தகத்தில் இருந்தது, கட்டாயமும் இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நடந்ததையும் இங்கே சொல்லலாம். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஏப்ரல் 29 முதல் அவசரகால விதியின் கீழ் முகம் மறைப்பதைத் தடுத்தார்கள். அவசரநிலை ஆகஸ்டில் முடிந்ததும் தடையும் போயிற்று. நெருக்கடிக்கு என்று எழுதினால் நெருக்கடியோடு முடிந்தது, அந்த அளவில் அது நேர்மையாக எழுதப்பட்ட விதி. ஆனால் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டோடு நுழைந்தவர்கள் முகத்திரை அணிந்த பெண்கள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது வழி: தேவைப்படும் நேரத்தில் காட்டச் சொல்வது

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2011-ல் இதைச் சட்டமாக்கியது. எவரும் எதையும் அணியலாம். சட்டப்படி அடையாளம் கேட்கும் அதிகாரம் காவலருக்கு இருக்கும் சமயத்தில், முகத்தைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். அது நிகாப் ஆனாலும் சரி, ஹெல்மெட் ஆனாலும் சரி. கேட்டுக்கொண்டால் இயன்றவரை தனிமை தர வேண்டும், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று காவலர் மேலும் கடமை இருக்கிறது.

இதற்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதே இல்லை. நம் வாக்குச்சாவடியில் இது பல காலமாக நடக்கிறது. கோஷா பெண்கள், அதாவது முகத்திரை அணியும் பெண்கள், அதிகம் வாக்களிக்கும் சாவடியில் ஒரு பெண் அலுவலர் இருக்க வேண்டும், மறைவான இடத்தில் வைத்து முகத்தைப் பார்த்து அடையாளம் உறுதிசெய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. அந்த மறைவுக்குப் பெரிய செலவு வேண்டாம், கட்டிலை நிறுத்தி வைத்தோ துணி கட்டியோ செய்துகொள்ளலாம் என்றுகூடத் தலைமை அலுவலருக்கான கையேடு சொல்கிறது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம், வாக்காளர் பட்டியலில் முஸ்லிம் பெண்களின் முகப்படம் இடம்பெறுவது மத உரிமையை மீறாது என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு ஏற்பாடு கிடைக்கிறது. முகம் பதிவாக இருக்கும், தேவைப்படும் ஒரு நிமிடம் பெண் அலுவலர் பார்ப்பார், மற்ற நேரம் அவரவர் விருப்பம்.

ரேஷன் கடையில் விரல் வைத்தால் பொருள் கிடைக்கிறது, முகம் பார்க்க வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. வங்கியில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வரவும் என்று பலகை இருக்கிறது, யாரும் கோபப்படுவதில்லை. நீட் தேர்வில் மத வழக்க உடை அணிவோர் சோதனைக்காக முன்கூட்டியே வர வேண்டும் என்று விதி. சிதறிக் கிடக்கும் இந்த நடைமுறைகளை ஒரே விதியாகத் தொகுத்து எழுதினால் புதிய குற்றம் எதையும் உருவாக்க வேண்டியதில்லை. விலக்குப் பட்டியலும் தேவைப்படாது, ஏனென்றால் எந்த உடையும் தடுக்கப்படவில்லை. குலசேகரப்பட்டினத்து வேடக்காரரிடமும் கேட்கலாம், கிரஷர் தொழிலாளியிடமும் கேட்கலாம், நிகாப் அணிந்தவரிடமும் கேட்கலாம். சமத்துவம் வாசகத்தோடு நின்றுவிடாமல் நடப்பிலும் இருக்கும். முதல் வழியில் அவிழாத முடிச்சு இதில் விழுவதே இல்லை.

இந்த வழியை எதிர்ப்பவர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். கணவனோ மாமியாரோ கட்டாயப்படுத்தி அணியும் பெண்ணை யார் காப்பது? இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே பகுதி இதற்கானது. கட்டாயப்படுத்துபவருக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் விதிக்கலாம், கட்டாயப்படுத்தப்பட்டவர் சிறுமி என்றால் இரட்டிப்பு. இங்கே மிரட்டலுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவும், வீட்டுக்குள் நடப்பதற்கு 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. தடை வந்தால் கட்டாயப்படுத்துகிற வீட்டில் நடக்கப்போவது என்ன? முகத்தைத் திறந்து போ என்று சொல்ல மாட்டார்கள், போகாதே என்பார்கள். அபராத ரசீதிலும் அவள் பெயர்தான் இருக்கும். அதே நேரத்தில், அணிய மாட்டேன் என்று சொல்லும் பெண்ணை ஜமாஅத்தோ குடும்பமோ நெருக்கினால் அரசு அவள் பக்கம் நிற்க வேண்டும். இரண்டு பெண்களுக்கும் பொருந்தும் ஒரே கொள்கை, அவள் உடையை அவள் தீர்மானிக்கட்டும் என்பது.

எனவே என் தேர்வு நான்காவது வழி. கொலை, கொள்ளைப் பயத்துக்காக மூன்றாவது வழியைச் சேர்க்க வேண்டும் என்றால், நோக்கத்தை நிரூபிக்கும் பொறுப்பு காவல்துறையின் மேல் இருக்கட்டும்.

இந்த வழியும் செலவில்லாமல் வராது. முகத்தைக் காட்டச் சொல்லும் அதிகாரத்தைத் தெருமுனையில் நிற்கும் எல்லாக் காவலர் கையிலும் கொடுத்தால் அது தினசரித் தொல்லையாகிவிடும். வேறொரு சட்டத்தின்படி அடையாளம் கேட்க உரிமை உள்ள சந்தர்ப்பத்தில் மட்டும் கேட்கலாம் என்று முதல் வாக்கியத்திலேயே கட்டிப்போட வேண்டும். கேட்டவரின் பெயர், காரணம், நேரம் பதிவேட்டில் ஏற வேண்டும். பெண் காவலரோ பெண் அலுவலரோதான் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டு, ஆள் போடாமல் இருந்தால் விதி முதல் வாரத்திலேயே செத்துப்போகும். அம்பாசமுத்திரம், ராதாபுரம் பக்கத்துச் சிறிய காவல் நிலையத்தில் இரவு பத்து மணிக்குப் பணியில் பெண் காவலர் இல்லையென்றால், ஒரு பெண்ணை எத்தனை நேரம் காக்க வைக்கலாம்? அரைமணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்குள் பெண் காவலர் வராவிட்டால் பெயரும் முகவரியும் ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் மட்டும் குறித்துக்கொண்டு அனுப்பிவிட வேண்டும் என்று விதியிலேயே சேர்க்கச் சொல்வேன்.